ஏட்டையா கொண்டுபோன மீட்டர்

மதுரையில் ஒரு நூல் மில்லின் மோட்டார் ரூமில் நான் வேலை பார்த்தேன். கழற்றிப்போட்ட பழைய மின்சாரச் சாமான்களை மேனேஜரிடம் கேட்டு வாங்கி வீட்டுக்குச் சுமந்து வருவேன். கை அகலப் பீங்கான் ப்யூஸ்கள், இழுத்து இறக்கும் செம்பு சுவிட்சு, அவற்றை மாட்டியிருந்த சலவைக்கல் பலகை. எதற்குச் சேர்க்கிறேன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. எங்கள் வீட்டில் கரண்டே கிடையாது. சலவைக்கல் பலகையின் மேல் என் மனைவி தண்ணீர்ப் பானையை வைத்துக்கொண்டாள்.

உலகச் சண்டை நடந்த காலத்தில் வாடிப்பட்டியில் ஓர் அரிசி மில்லை மூடினார்கள். அங்கிருந்து ஒரு மீட்டர் கிடைத்தது. முகத்தில் எழுத்தில்லை, எண்ணில்லை. கோடுகளும் ஒரு முள்ளும்தான். கண்ணாடியின் ஓரத்தில் ஒரு விரிசல். எங்கள் மில் ஃபோர்மேன், கரண்டை அளக்கிற அம்மீட்டர் என்றார். இன்னொருவர் தந்தி ஆபீஸ் சாமான் என்றார். ஒயர் எதிலும் சேர்க்காமலே அந்த முள் சில சமயம் நகர்ந்தது. காலையில் ஒரு பக்கம் நிற்கும், சாயங்காலம் வேறு பக்கம்.

யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். எதிரிக்குச் சேதி சொல்ல நான் ஒயர்லெஸ் வைத்திருக்கிறேன் என்று ஒரு போலீஸ் ஏட்டு வந்துவிட்டார்.

“இதுல எங்கிட்டு பேசுவீரு?”

“இதுல பேச முடியாதுங்க ஏட்டையா.”

“அப்ப எதுக்கு இது?”

“அதுதான் தெரியலைங்க.”

“தெரியாத சாமானை எவனாச்சும் இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வருவானா?” என்று குனிந்தார். முள் அவர் பக்கம் திரும்பியது. அவர் சட்டென்று பின்னால் நகர்ந்தார். “என்னய்யா, என்னையப் பாக்குது?”

என் துண்டிலேயே சுற்றி அதை எடுத்துக்கொண்டு போனார்.

ஸ்டேஷன் வாசலில் பல மத்தியானங்கள் காத்திருந்தேன். கடைசியில் ரைட்டர் கூப்பிட்டு மீட்டரைக் கையில் கொடுத்தார். “ஒண்ணுமில்லையாம், எடுத்துட்டுப் போம்.”

“என்ன சாமான்னு சொன்னாங்களா?”

“ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னாங்க.”

வீட்டில் வைத்துப் பார்த்தேன். முள் அசையவே இல்லை. கண்ணாடியின் விரிசல் இடது ஓரத்தில் இருந்ததாக எனக்கு நினைவு. இப்போது வலது ஓரத்தில் இருந்தது. மனைவி, “அப்பவும் இந்தப் பக்கந்தாங்க” என்றாள். ஃபோர்மேனிடம் காட்டினேன். “நீ முதல்ல கொண்டாந்தப்பவும் முள்ளு ஆடலையேப்பா” என்றார். மாற்றிக் கொடுத்துவிட்டார்களா? எதற்காக மாற்றவேண்டும்? இதே மாதிரி இன்னொன்று அவர்களுக்கு எங்கே கிடைத்திருக்கும்?

அந்த ஏட்டை டி. கல்லுப்பட்டிக்கு மாற்றியிருந்தார்கள். லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போனேன்.

“ஏட்டையா, முள்ளு உங்களைப் பாத்துத் திரும்புச்சுல்ல?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “அப்படி ஒண்ணும் நடக்கலை. ஊருக்குப் போய்ச் சேரும்” என்று மெதுவாகச் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பொய் சொல்கிறாரா, நானாகத்தான் நினைத்துக்கொண்டேனா என்று பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் குழம்பினேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

“அவரு பின்னால போனதை நான் அடுப்படியில இருந்து பாத்தேனே” என்றாள்.

“முள்ளைப் பாத்தியா?”

“முள்ளை எங்க பாத்தேன்? அவரு மூஞ்சியத்தான் பாத்தேன். பயந்துபோய் இருந்தாரு.”

அதற்குமேல் கேட்க ஆளில்லை. மீட்டரை மற்றச் சாமான்களோடு அலமாரியில் ஏற்றி வைத்தேன்.