முட்டியில் தோல் உரிந்த சனிக்கிழமைகள்

என் மகள் தொடக்கப்பள்ளியில் படித்த காலம் முழுக்க நான் அவள் நெற்றியைக் காவல் காத்தேன். காலையில் திருநீறு பூசி அனுப்புவேன். மாலையில் அது இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் அன்றைக்கு நிம்மதி. இல்லாவிட்டால், தானாக அழிந்ததா, யாராவது அழித்தார்களா என்று கேட்பேன். வேர்த்துவிட்டது என்பாள். ஈப்போ வெயிலில் வேர்க்காமல் இருக்குமா என்ன, ஆனாலும் எனக்கு மனசு ஒப்பாது.

பள்ளி அப்படிப்பட்ட இடத்தில் இருந்தது. அரசாங்கப் பள்ளிதான், ஆனால் நிலம் சர்ச்சுடையது. வாசலில் மாதா சிலை வைத்த கல்குகை போன்ற கெபி, நடுவில் வகுப்பறைகள், பின்னால் ஒரு புல் திடல். காலையில் மணி அடித்ததும் ஜெபம். இந்துப் பிள்ளைகள் சும்மா கைகட்டி நின்றால் போதும் என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். சொன்னார்கள்தான். சொன்னதையெல்லாம் நம்புகிற ஆளா நான்?

பிறகு ஏன் சேர்த்தாய் என்று கேட்கலாம். சிலிபினில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். நான் வேலை செய்கிற கிளினிக் அதே சாலையில். என் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். பிள்ளையை என் கண் எட்டுகிற இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு அந்தப் பள்ளிதான் வசதி.

என் சந்தேகம் பிறவிக் குணம் என்று வீட்டுக்காரர் சொல்வார். இல்லை. நான் பிறந்து வளர்ந்தது சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். தோட்டத்தை விற்றபோது ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து எங்கள் எல்லோருக்கும் பிரியாணி போட்டார்கள். கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். யாரும் கவலைப்பட வேண்டாம், எல்லோருக்கும் வீடு என்றார்கள். என் அப்பா இரண்டாம் தட்டு வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த வருஷம் நாங்கள் குடியிருந்த லயத்துக்குத் தண்ணீரை அடைத்தார்கள். வீடு வரவேயில்லை. அன்றிலிருந்து யாராவது சிரித்த முகத்தோடு நல்லது சொல்ல வந்தால் நான் ஓரடி பின்னால் நகர்ந்துகொள்வேன். பிரியாணிகூட இன்றுவரை இறங்காது.

தொடக்கப்பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் ஆண்டு வந்தது. அதற்குப் பிறகு எந்த இடைநிலைப்பள்ளி என்ற கேள்வியும் கூடவே வந்தது. எங்களுக்கு மூன்று வழி இருந்தது. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்று. அங்கே வாரத்துக்கு ஒரு அடிதடி, கிளினிக்குக்குத் தையல் போட வருகிற பையன்களை வைத்தே எனக்குத் தெரியும். அது முதலிலேயே கழிந்தது. இரண்டாவது, டவுனில் இருக்கிற கான்வென்ட். பெண் பிள்ளைகள் மட்டும். எங்கள் பள்ளிப் பிள்ளைகளை வழக்கமாக அங்கேதான் அனுப்புவார்கள். மூன்றாவது, லகாட் போகிற வழியில் ஒரு பள்ளி. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற இடம், பஸ் ஏற வேண்டும்.

யாரைக் கேட்டாலும் கான்வென்ட் என்றார்கள். ஒழுக்கம் என்றார்கள், ஆங்கிலம் என்றார்கள். நானும் முதலில் அதைத்தான் நினைத்திருந்தேன், பொய் சொல்வானேன். ஆனால் என் மகள் அதற்கு மேல் போய் நின்றாள். காலையில் கான்வென்ட், மாலையில் கான்வென்ட். அங்கே போனால் தினமும் சாப்பலில் உட்கார்ந்து ஜெபிக்கலாமாம். சிஸ்டர்கள் எல்லாம் அவ்வளவு அன்பாம். வளர்ந்த பிறகு தானும் அப்படி ஒரு வெள்ளை அங்கி போட்டால் என்ன என்று ஒருநாள் இட்லியைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள். எனக்குச் சட்னிக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

அதன் பிறகு நான் சும்மா இருப்பேனா? பையைத் துழாவினேன். கணக்குப் புத்தகத்துக்குள் மாதா படம். பென்சில் பெட்டியில் பாதி எரிந்த மெழுகுவர்த்தி. தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் அவள் கை தானாக நெற்றிக்கும் நெஞ்சுக்கும் போய்ச் சிலுவை போட்டது. முருகா என்று சொல்ல வேண்டிய இடத்தில் சேசுவே என்றாள். கேட்டால், எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தாம்மா என்றாள்.

சனிக்கிழமைகள்தான் மோசம். சாயங்காலம் சர்ச்சில் மாதாவுக்கு நவநாள் ஜெபம் நடக்கும். அதற்கு இந்துக்களும் போவார்கள், ஈப்போவில் அது புதுசில்லை. வேண்டுதல் என்று வந்துவிட்டால் யார் வீட்டுச் சாமி என்று பார்ப்பதில்லை. என் மகள் ஒரு வாரம்கூட விடாமல் போனாள். இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்புவாள். நெற்றியில் திருநீறு இருக்காது. காலுறை முழுக்கப் புல். ஒரு சனிக்கிழமை பாவாடையைத் தூக்கிக் கால் கழுவும்போது பார்த்தேன். இரண்டு முட்டியிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது.

என்ன இது என்றேன்.

"முட்டி போட்டேம்மா," என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சின்னப் பிள்ளையை இப்படித் தோல் உரிகிற அளவுக்கு முட்டி போட வைத்து ஜெபம் சொல்ல வைக்கிறார்களே, இவர்கள் மனுஷர்களா? புண்ணுக்குப் போடுகிற காமாட் எண்ணெயைத் தடவும்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முனகவில்லை. அந்தப் பொறுமை எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. சாமியார் ஆகப் போகிறவர்கள் அப்படித்தானே இருப்பார்கள்.

இதற்கெல்லாம் பின்னால் யார் என்று எனக்கு ஒரு தீர்மானம் இருந்தது. சர்ச்சுக்குப் பின்னாலிருந்த வீட்டில் வயதான சிஸ்டர் ஒருவர் இருந்தார். அந்தப் பள்ளியில் பல வருஷம் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ்க்காரர்தான், பேச்சில் தோட்ட வாசனை இன்னும் போகவில்லை. கழுத்தில் சிலுவையோடு ஒரு விசிலும் தொங்கும். என்னைக் கண்டால் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் மகள் நல்ல பிள்ளை, பெரிய ஆளாக வருவாள் என்று சிரிப்பார். சிரித்துக்கொண்டே நல்லது சொல்கிற இன்னொருவர்! எனக்குப் பிரியாணி வாசனையே வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை, அவள் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் நானும் கிளம்பினேன். கேட் ஓரமாக நின்று எட்டிப் பார்த்தேன். கெபிக்கு முன்னால் சரளைக் கல்லில் என் மகள் முட்டி போட்டிருந்தாள். கண் மூடி இருந்தது. உதடு அசைந்தது. பக்கத்தில் அந்த சிஸ்டர். எங்கள் வீட்டுப் பூஜை அறையில் ஒரு நாளாவது அவள் அப்படி உருகி நின்றதில்லை. அங்கேயே கத்தியிருப்பேன், கோயில் வாசல் என்று பொறுத்துக்கொண்டேன். மேற்கொண்டு பார்க்கத் தெம்பில்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆண்டு இறுதியில் எதிர்பார்த்தபடி அவளுக்குக் கான்வென்ட்டில்தான் இடம் வந்தது. நான் மறுநாளே விடுப்பு எடுத்துக்கொண்டு கல்வி இலாகாவுக்குப் போனேன். லகாட் வழிப் பள்ளிக்கு மாற்றித் தரும்படி மேல்முறையீடு செய்தேன். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் நிமிர்ந்து பார்த்தார். கான்வென்ட் வேண்டும் என்று கெஞ்சுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன், வேண்டாம் என்று வந்தது நீங்கள்தான் என்றார். ஆண் பிள்ளைகளும் படிக்கிற இடமாச்சே என்று எனக்கும் உறுத்தல் இருந்தது. ஆனால் வாலாட்டுகிற பையனை ஒரு பார்வையில் ஓட்டிவிடுவேன். ஜெபத்தை எப்படி ஓட்டுவது?

செய்தியைச் சொன்னதும் மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

"அந்த ஸ்கூல் மட்டும் வேணாம்மா," என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "தூரம்மா. எனக்கு அங்க யாரயும் தெரியாது."

வேண்டாம் என்றாளா? அப்படியென்றால் அதுதான் சரியான இடம் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. வீட்டுக்காரர் மட்டும், பிள்ளை ஆசைப்பட்ட இடத்தில் படிக்கட்டுமே லா என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். வழக்கமாக மகள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாலே வீட்டை இரண்டாக்குகிற மனுஷன். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

மேல்முறையீடு கிடைத்தது. புதுச் சீருடை வாங்கினோம். அவள் இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றில் சேர்ந்தாள். முதல் வாரம் முடிந்ததும் நான் ஒரு காரியம் செய்தேன். சர்ச்சுக்கு நேராகப் போய் அந்த சிஸ்டரைப் பார்த்தேன். ஜெயித்த செய்தியை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அவர் கெபியில் வாடிய பூவை எடுத்துக்கொண்டிருந்தார்.

என் மகளை உங்கள் கான்வென்ட்டுக்கு அனுப்பவில்லை சிஸ்டர், லகாட் பக்கம் சேர்த்துவிட்டேன் என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல வேல செஞ்சீங்கம்மா! நானும் அங்கதான் போகணும்னு அவகிட்ட சொல்லிகிட்டே இருந்தேன். கான்வென்ட்ல இப்ப ஹாக்கியே இல்ல. அந்த ஸ்கூல்ல நல்ல டீம் இருக்கு. உங்க புள்ள ஓட்டத்துக்கு அங்கதான் சரி."

என்ன ஹாக்கி என்று கேட்டேன்.

அவர் திகைத்துப்போனார். பின்னால் இருந்த திடலைக் காட்டினார். நவநாள் முடிந்ததும் பெண் பிள்ளைகளை அங்கே விளையாட வைப்பது இவர்தான். அந்தக் காலத்தில் இவரும் ஆடியவராம். விசில் அதற்குத்தான். என் மகள் ஒரு வருஷமாக ஆடுகிறாள். அம்மாவுக்குத் தெரியும் என்று அவள் சொன்னதை இவர் நம்பியிருக்கிறார். விழுந்து விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொள்வாள், பயமே கிடையாது என்று மெச்சிக்கொண்டார். எந்த முட்டிக்கு நான் எண்ணெய் தடவிக்கொண்டே இவரைச் சபித்தேனோ அந்த முட்டியை.

ஐந்தாம் ஆண்டில் ஒருமுறை ஹாக்கி என்ற பேச்சு எங்கள் வீட்டில் வந்திருந்தது. அரைக்கால் சட்டையா, வெயிலா, ஊர் ஊராகப் போவதா, முடியாது என்று ஒரே மூச்சில் முடித்திருந்தேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. நான் மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். சிஸ்டரைப் பார்த்தேன் என்றேன். அவ்வளவுதான், முகம் வெளுத்துவிட்டது. ஒவ்வொன்றாகக் கேட்டேன். சாப்பல் ஆசை பொய். வெள்ளை அங்கி பொய். கதவைச் சாத்திக்கொண்டு அழுதது பொய். அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டபோது, வாசலில் நின்றிருந்த வீட்டுக்காரருக்கு லோரி டயரைப் பார்க்க வேண்டிய அவசரம் வந்துவிட்டது.

"அப்ப கெபியில முட்டி போட்டது? அதுவும் நடிப்பா?"

"அது நெசம்மா," என்றாள். "அந்த ஸ்கூல் கெடைக்கணும்னு மாதாகிட்ட கேட்டேன். முருகன்கிட்டயும் கேட்டேன். உங்ககிட்டதான் கேக்கல."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"கேட்டிருந்தா விட்டிருப்பீங்களாம்மா?"

விட்டிருப்பேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அந்தப் பிள்ளை என்னை அவ்வளவு சரியாகப் படித்து வைத்திருந்தது. எந்தப் பள்ளியைப் புகழ்ந்தால் நான் விலகுவேன், எதை வேண்டாம் என்றால் நான் பிடிப்பேன் என்று மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. அவளிடம் போய் என்ன பொய் சொல்வது? விட்டிருக்க மாட்டேன் என்றேன். தெரியும் என்று தலையாட்டினாள். கோபம் வரவில்லை, வலித்தது. இத்தனை நாளும் என் பிள்ளையை யாரோ கொண்டுபோகப் போகிறார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ வீட்டுக்குள்ளேயே என்னைச் சுற்றிக்கொண்டு போகப் பழகியிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை புதுப் பள்ளியில் அவளுக்கு முதல் ஆட்டம். நான் வரட்டுமா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே நிமிராமல் பதில் சொன்னாள்.

"வேணாம்மா. சும்மா பிராக்டிஸ்தான். வெயிலு வேற."

அப்பாவின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். நான் வாசலிலேயே நின்றேன். வேண்டாம் என்றால் உண்மையாகவே வேண்டாமா? இல்லை, நான் வர வேண்டும் என்பதற்காக வேண்டாம் என்றாளா? இனிமேல் இந்தப் பெண் சொல்கிற ஒவ்வொரு 'வேண்டாம்' என்பதையும் இப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டுமா? போனால் முகத்தைச் சுளித்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. போகாமல் இருக்கவும் முடியவில்லை. கார் சாவியை எடுத்தேன்.

கைப்பையை வைக்கப் பின் கதவைத் திறந்தேன். கடற்கரைக்குப் போகும்போது மட்டும் ஸ்டோரிலிருந்து எடுக்கிற எங்கள் மடக்கு நாற்காலி பின் சீட்டில் கிடந்தது. அதன் மேல் என் குடை. பக்கத்தில் தண்ணீர் போத்தல், தொட்டுப் பார்த்தேன், இன்னும் சில்லென்றிருந்தது.

"அடி கள்ளி," என்றேன், யாரும் இல்லாத காரைப் பார்த்து. கண்ணைத் துடைத்துக்கொண்டு லகாட் சாலைக்கு வண்டியைத் திருப்பினேன்.