மூன்றாம் ஈத்துவரை பொறுக்கச் சொன்னவர்

தேவகி டொக்டர் யாழ்ப்பாணத்தில் காலமான செய்தி, நான் முரசுமோட்டையில் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு நின்றபோது வந்தது. செய்தியைச் சொன்னவர் அழுதார். மாட்டுக் கயிற்றை மட்டும் விடவில்லை. டொக்டரிடம் மாட்டு வேலை பழகியவர்.

கிளிநொச்சியில் அவர் எங்கள் மிருக வைத்தியராக இருந்தார்; நான் அவருக்கு உதவியாளன். எல்லோரும் மாடு முதல் கன்று போட்டுத் தரும் முதல் ஈத்துப் பாலை அளந்தார்கள். அவர் அது வாழ்நாள் முழுவதும் தரப்போகும் பாலைப் பற்றி யோசித்தார். நெடுங்காலம் கறக்கும் குணம் தாயிடமிருந்து மகளுக்கு எவ்வளவு வருகிறது என்பதே அவருடைய கேள்வி. பதில் தெரிய மாடு கிழடாக வேண்டும். மேலிடமோ ஆண்டறிக்கைக்கு முடிவு கேட்டது. மாட்டின் ஆயுள் நிதியாண்டுக்குள் அடங்காதது மாட்டின் குற்றமாகவே கருதப்பட்டது.

நல்லையா அண்ணரிடம் ஒரு கிழட்டுப் பசு இருந்தது. போரில் இடம்பெயரும்போது அவர் அவிழ்த்துவிட்டுப் போன பசு அது. அவர் திரும்பி வந்தபோது காட்டோரம் கன்றோடு நின்றதாம். அதன் கடைசி மகள் முதல் ஈத்தில் கொஞ்சமே கறந்தது. அண்ணர் அதை இறைச்சிக்கு விற்க நின்றார்.

"மூண்டாம் ஈத்துவரை பொறுங்கோ அண்ணை," என்றார் டொக்டர். "முதல் ஈத்தை வைச்சு மாட்டை மதிக்கிறது, கலியாணச் சாப்பாட்டை வைச்சு மாப்பிள்ளையை மதிக்கிற மாதிரி."

"தாயின்ரை குணம் இதுக்கு வருமோ டொக்டர்?"

"கொஞ்சம்தான் வரும். மிச்சம் புல்லும் தண்ணியும் நீங்களும்."

"அப்ப தாயைப் பார்த்து என்ன பிரயோசனம்?"

"அந்தக் கொஞ்சத்தைத்தான் அண்ணை கடையிலை வாங்கேலாது."

அண்ணர் விற்கவில்லை. இரண்டாம் ஈத்தும் சுமார்தான். அதற்குள் டொக்டர் நோயில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனால் தன் வருத்தத்தைப் பற்றிப் பேசமாட்டார். "அண்ணையின்ரை மாடு சினைதானே? வடிவாப் பார்த்தனீங்களோ?" என்றுதான் கேட்பார். இப்போதும் எங்காவது ஒரு கிழட்டு மாடு கறப்பதைக் கண்டால், அவரைக் கூப்பிட்டுக் காட்ட மனம் உந்துகிறது.

சாவீட்டுக்கு நல்லையா அண்ணர் வரவில்லை. ஊரில் கதை எழும்பியது. ஆனையிறவு தாண்டித் திரும்பிய நான் நேரே அவருடைய கொட்டிலுக்குப் போனேன். ஈரம் காயாத கன்று எழும்புவதும் விழுவதுமாக இருந்தது.

"மூண்டாம் ஈத்து. நாகு கண்டு, பெட்டை," என்றார். "கண்டு போட நோ கண்ட மாட்டை விட்டிட்டு சாவீட்டுக்கு வந்திருந்தால் டொக்டர் என்னைச் சும்மா விட்டிருப்பாவோ?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மடியைப் பாருங்கோ தம்பி. இப்ப நல்ல மாடெண்டு சொல்லலாமோ?"

"இன்னும் இல்லை. பொறுங்கோ," என்றேன்.

சிரித்தார். கன்றைத் தாயின் மடிப்பக்கம் தள்ளிவிட்டார்.

போய் வாருங்கள், டொக்டர். மடி நிறைந்திருக்கிறது. நெடுங்காலம் கறக்குமா என்பது தெரிய இன்னும் பல ஈத்துகள் வேண்டும். காத்திருக்க எங்களைப் பழக்கிவிட்டீர்கள். முடிவை யாரிடம் வந்து சொல்வது என்பதைத்தான் சொல்லாமல் போய்விட்டீர்கள்.