வேலைநிறுத்த நாளில் ஒரு வருகைப்பதிவு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதிலும், வாத்தியார்களுக்கு என்ன, பாதி நாள் லீவு, இதில் ஸ்ட்ரைக் வேறு என்று பஸ்ஸில் யாராவது ஆரம்பித்தால், இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனாலும் பதில் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். துறையூர் பஸ்ஸில் என்னோடு வழக்கமாக வருகிறவர்கள் அதனாலேயே என்னிடம் விலைவாசி பேசுவார்கள், மழை பேசுவார்கள், பள்ளிக்கூடம் மட்டும் பேச மாட்டார்கள்.

வீடு ஸ்ரீரங்கத்தில். பள்ளி, திருவெள்ளறையைத் தாண்டி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டே ஆசிரியர்கள். தலைமையாசிரியை நான். இன்னொருவர் பாலக்கரையிலிருந்து வரும் டீச்சர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். கணவர் சவுதியில். இரண்டு சின்னப் பிள்ளைகளையும் தனி ஆளாகக் கிளப்பி ஆட்டோவில் ஏற்றிவிட்டு, பஸ் பிடித்து, தினமும் எனக்கு முன்னால் வந்து நிற்பார். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் அவரிடம், மற்ற மூன்றும் என்னிடம். நான் அதட்டி எழுத வைப்பதை அவர் பேசிப் பேசியே எழுத வைத்துவிடுவார். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

அந்த வருடம் ஊருக்குள் தனியார் பள்ளி வேன் வர ஆரம்பித்தது. எங்கள் பள்ளியில் பிள்ளைகள் பதினெட்டாகக் குறைந்தார்கள். அப்படிக் குறைந்தால் இரண்டாவது ஆசிரியரை உபரி என்று சொல்லி வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். உபரி! ராத்திரி மிஞ்சிய குழம்பைச் சொல்வதுபோல் ஒரு மனுஷியைச் சொல்கிறார்கள். அரசாங்கத்துக்கு ஒரு பணியிடம் மிச்சம், ஐந்து வகுப்பும் ஒரே ஆள் தலையில். காலியாக இருந்த இடங்களெல்லாம் உப்பிலியபுரத்துக்கு அப்பால், பச்சமலை அடிவாரத்தில். பாலக்கரையிலிருந்து மூன்று பஸ் மாற வேண்டும். விடியுமுன் அவர் கிளம்பிவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு யார் தலைவாரிவிடுவது?

இதை எதிர்த்துத்தான் சங்கங்கள் ஒன்றுகூடி ஒருநாள் வேலைநிறுத்தம் அறிவித்தன. பழைய பென்ஷன், நிரப்பாத காலியிடங்கள், பாடம் நடத்த விடாமல் எந்நேரமும் செல்போனில் எதையாவது ஏற்றச் சொல்லும் தொல்லை என்று கோரிக்கைகள் வேறு பலவும் இருந்தன. எனக்கு முதல் கோரிக்கை என் பக்கத்து அறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் இரண்டு பேரும் வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் சொன்னோம். பிள்ளைகளின் சாப்பாடு நிற்கக் கூடாது என்பதால், காலை உணவு சமைக்கும் அக்காவிடம் பள்ளிச் சாவியைக் கொடுத்தேன். மறுநாள் திருச்சியில், ஆட்சியர் அலுவலகத்துக்குப் பக்கத்து ரோட்டில், வெயிலில் உட்கார்ந்தோம். மைக்கில் ஒருவர் கோஷம் சொல்ல, நாங்கள் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மணி ஒன்பதரை ஆனது. தினமும் அந்த நேரத்துக்குள் நான் செல்போனில் வருகைப்பதிவு போட வேண்டும். முதலில் ஆசிரியர்கள், பிறகு வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள். ஒரு நிமிஷம் பிந்தினாலும் ஆபீஸிலிருந்து போன் வரும். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். என் கட்டைவிரலும் அந்த ஜாதிதான். வாய் கோஷம் போட்டுக்கொண்டிருக்க, விரல் தன்பாட்டுக்கு வருகை போட்டு முடித்துவிட்டது. நான் பிரசன்ட், டீச்சர் பிரசன்ட், காய்ச்சலில் ஒரு வாரமாக வராத பெண் உட்படப் பதினெட்டுப் பிள்ளைகளும் பிரசன்ட்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர்தான் முதலில் பார்த்தார். நான் விழிப்பதைப் பார்த்துச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். போராட்டத்துக்கு வந்தும் அட்டெண்டன்ஸ் போடுகிற கூட்டம் உலகத்திலேயே நாம்தான் என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். ஒருமுறை அனுப்பியதை நானாக மாற்ற முடியாது, வட்டாரக் கல்வி அதிகாரி பதிவைத் திறந்துவிட்டால்தான் உண்டு.

சாயங்காலம் அந்த அதிகாரியே கூப்பிட்டார். அவரும் வாத்தியாராக இருந்து மேலே போனவர், கெட்டவர் இல்லை. பதிவில் உங்கள் பள்ளி நடந்ததாகத்தான் இருக்கிறது, அப்படியே விட்டுவிடுங்கள், விளக்கம் கேட்டு மெமோ வராது என்றார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, உபரிப் பட்டியல் தயாராகிக்கொண்டிருக்கிறது, இந்த நேரத்தில் அந்த டீச்சர் பேர் ஸ்ட்ரைக்கில் இல்லாமல் இருப்பது நல்லது என்றார். நான் கோபப்பட்டேன் என்று எழுதினால் அது பொய். சந்தோஷப்பட்டேன். என் முட்டாள்தனம் டீச்சரைக் காப்பாற்றிவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் ஏதோ பரிசு கொண்டுவந்தவள் மாதிரி அதை அவரிடம் சொன்னேன். அவர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"நேத்து பிள்ளைங்க நாம இல்லாம உக்காந்திருந்துச்சுங்க டீச்சர். நாம ரோட்டுல உக்காந்திருந்தோம். அன்னைக்கு நான் பாடம் எடுத்தேன்னு பதிவுல எப்படிங்க இருக்க விடுறது? என்னைய ஆப்சென்ட் போடச் சொல்லுங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நேர்மையைக் கட்டிக்கொண்டு அழப் போகிறீர்களா, மூன்று பஸ், மலையடிவாரம், வீட்டில் இரண்டு சின்னதுகள் என்று கத்தினேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் நிதானமாக இருந்தார்.

"பஸ்ஸு மாறணும்னா மாறிக்கலாம் டீச்சர். நேத்து உக்காந்ததை மாத்த வேணாம்."

பதிவு தவறுதலாகப் போடப்பட்டது, நாங்கள் இருவரும் வேலைநிறுத்தத்தில் இருந்தோம் என்று கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். அதிகாரி வாங்கிப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த வாரம் இரண்டு மெமோ வந்தது.

மாதக் கடைசியில் பட்டியல் வந்தது. டீச்சர் அதில் இருந்தார். நான் ஆபீஸுக்குப் போய் நேரடியாகவே கேட்டேன். ஸ்ட்ரைக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, எண்ணிக்கைதான் காரணம் என்று அதிகாரி சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். இருக்கலாம். எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் கட்டைவிரல் சும்மா இருந்திருந்தால் அப்படி ஒரு முடிவை நான் டீச்சர் கையில் கொடுத்திருக்க மாட்டேன்.

இடமாறுதல் கலந்தாய்வில் டீச்சருக்குக் காட்டிய மூன்று இடங்களில் உப்பிலியபுரத்தைத் தாண்டியதுதான் பக்கம். அதை எடுத்துக்கொண்டார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாமியாரை அழைத்துக்கொள்வதாகச் சொன்னார். எங்கள் பள்ளியில் ஒரு வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். சொன்னால் அழுதுவிடுவேன் என்று தன் வகுப்பில் ஒன்றும் சொல்லாமலே கிளம்பினார். மெயின் ரோடு வரைக்கும் கூடவே போய் பஸ் ஏற்றிவிட்டேன்.

திங்கட்கிழமை ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்தேன். ஒன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி, அந்த டீச்சரிடம் மட்டுமே வாய்விட்டுப் படிப்பவள், மத்தியானம் வரை புத்தகத்தைத் திறக்கவே இல்லை. நானும் அதட்டவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்க டீச்சர் இன்னும் போராட்டத்துலயா இருக்காங்க?"

ஆமாம், அது இன்னும் முடியவில்லை என்றேன்.

அவள் தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நீங்க மட்டும் ஏன் வந்துட்டீங்க?" என்று கேட்டாள்.