என் கணவரின் குணத்துக்கு ஒரு பரீட்சை

என் கணவருக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை, தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். குறை கண்டுபிடித்தே பழகிய மனிதர் வீட்டில் சும்மா இருப்பாரா? சமையலறைக்குள் வந்தார். டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்கினார். தோசை வட்டமாக இல்லை என்றார். நேற்றைய சாம்பாருக்கும் இன்றைய சாம்பாருக்கும் ஏன் வித்தியாசம் என்று விசாரணை வைத்தார். அவருக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று அவரைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன். குன்றத்தூர் மலை ஏறி முருகனிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசியில் ஒரு கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. இன்டர்வியூவுக்கு முன்னால் கம்ப்யூட்டரில் ஒரு பரீட்சை எழுத வேண்டும். கணக்கு, பொது அறிவு எதுவும் கிடையாது. ஆள் எப்படிப்பட்டவர் என்று பார்க்கிற பரீட்சையாம். இதற்கெல்லாமா பரீட்சை என்று ஒரு நாள் முழுக்கக் கோபப்பட்டார்.

செலையூரில் ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போனோம். பள்ளிக்கூட ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்ப்பவள் என்பதால் மௌஸ் என் கையில். அவர் கண்ணாடியை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார். அதுவும் என் தப்புதான். நான் ஆங்கிலக் கேள்வியைப் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும், அவர் பதில் சொல்வார், நான் அமுக்க வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான்.

"சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வருமா?"

"ஒருபோதும் இல்லன்னு போடு," என்றார். அதே மூச்சில் கடைக்காரர் பக்கம் திரும்பி, "சார், அந்த ஃபேனைப் போடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று ஒரு அதட்டு அதட்டினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை தானாகப் போய் 'எப்போதும்' என்பதை அமுக்கியது. திரும்பிப் போய் மாற்ற வழியில்லை. பயந்துபோய் அவரைப் பார்த்தேன். கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்துவிட்டு, "ம், அடுத்தது," என்றார்.

மற்றவர் செய்த வேலையைத் திரும்பச் சரிபார்ப்பீர்களா? "தேவையே இல்லன்னு போடு. எல்லாரையும் நம்பற ஆளுன்னு நினைப்பான்." நான் பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தவர் சொல்கிற பதில் இது. 'எப்போதும்' என்று அமுக்கினேன். தவறை ஒப்புக்கொள்வீர்களா? "உடனே." அதற்கு 'ஒருபோதும் இல்லை'. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் ஒருவர்கூட என்னிடம் இதையெல்லாம் கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்கள், அதுவும் நூறு கேள்வி. விடுவேனா? ரசித்து ரசித்து அமுக்கினேன்.

வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. விளையாட்டுப் புத்தியில் அவர் பிழைப்பிலேயே கை வைத்துவிட்டேனே. நாலு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உப்பு தூக்கல் என்று அவர் குறை சொன்னபோதுகூட உடனே வேறு குழம்பு வைத்துக் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். சாயங்காலம் திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல், "வேலை கிடைச்சிருச்சு. திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க," என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பையிலிருந்து சில தாள்களை எடுத்தார். பரீட்சையின் கேள்வி பதில் மொத்தமும் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள்.

"மேனேஜர் இதைப் படிச்சிட்டுச் சிரிக்கிறார். வர்றவங்க எல்லாரும் கோபமே வராதுன்னு எழுதறாங்களாம். நீங்க ஒருத்தர்தான் உள்ளதை எழுதியிருக்கீங்க, தரம் பார்க்கிற இடத்துக்கு உங்களை மாதிரி ஆள்தான் சார் வேணும்ங்கிறார்."

நான் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"பாதிக்கு மேல நான் சொன்ன பதிலே இல்ல," என்றார். "சரி, போகட்டும். ஒண்ணே ஒண்ணுதான் அவருக்கு இடிக்குதாம். 'உங்களோடு ஒரே வீட்டில் இருப்பது கஷ்டமா'ன்னு கடைசியா ஒரு கேள்வி. அதுக்கு 'ஒருபோதும் இல்லை'ன்னு இருக்கு. இவ்வளவு உண்மை எழுதிட்டு இதுல மட்டும் ஏன் சார் பொய் சொன்னீங்கன்னு கேட்கறார்."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அதை மட்டும் ஏன் அப்படிப் போட்ட?"

"நேரம் முடியப் போகுதேன்னு அவசரத்துல கை தவறிடுச்சு," என்றேன்.

"ஒரு வேலையைக் கவனமா செய்ய மாட்டியா?" என்று கடிந்துகொண்டு செருப்பைக் கழற்றப் போனார்.

அந்தக் கேள்வி வந்தபோது திரையில் இன்னும் ஆறு நிமிஷம் மிச்சம் இருந்தது. யோசித்துத்தான் அமுக்கினேன்.