தானாக எழுந்துவிடும் நோயாளி

என் நாத்தனாருக்கு எங்கள் தெரு வைத்த பெயர் லிஃப்ட். பெரியவர்களுக்கு லிஃப்ட், சின்னவர்களுக்கு லிஃப்ட் அக்கா. ஒரு பெரிய துணிக்கடையில் லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை மேலே ஏற்றிக் கீழே இறக்குவதுதான் அவள் வேலை. "உள்ள தள்ளி நில்லுங்க, கதவுல கை வைக்காதீங்க, பாத்து இறங்குங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரல் அடங்காது. "கொஞ்சம் தள்ளி உட்காருங்க அண்ணி" என்றால் நான் தள்ளி உட்கார்ந்துவிடுவேன். அப்புறம்தான் ஏன் தள்ளினோம் என்று யோசிப்பேன். குரலில் அதட்டல் கிடையாது. ஆனால் கேட்டவர்கள் செய்துவிடுவார்கள்.

பிறகு அந்தக் கடையில் புது லிஃப்ட் போட்டார்கள். அதுவே கதவைத் திறந்தது, அதுவே மாடியைச் சொன்னது. ஸ்டூலை வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்லிவிட்டார்கள். எடுத்து வந்தாள். இப்போதும் அது எங்கள் சமையலறையில்தான் இருக்கிறது, வெங்காயம் உரிக்க வசதியாக.

அப்போது அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. கல்யாணப் பேச்சுகள் ஒரு காலத்தில் வந்தன, போயின. ஒரு கட்டத்துக்கு மேல் அவளே கதவைச் சாத்திவிட்டாள். இனி என்ன செய்வாள் என்று நான் கவலைப்பட்டுப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தபோது, அவள் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி உதவியாளர் படிப்பில் சேர்ந்துவிட்டு வந்து நின்றாள். வீல்சேரிலும் கைத்தடியிலும் லிஃப்டுக்கு வருகிறவர்களை இத்தனை வருஷம் பார்த்தேனே அண்ணி, அவர்களை நடக்க வைக்கிற இடத்தையும் பார்த்துவிடுகிறேன் என்றாள்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். அவள் சத்தம் போட்டுப் படித்ததால் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. வலது கால் பலவீனம் என்றால் தடியை இடது கையில் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக இருந்து, வலித்தால் தேய்த்துவிடக் கூடாது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், உடனே சொல்ல வேண்டும். வலி என்றாலே எண்ணெயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற எனக்கு இது பெரிய அதிர்ச்சி.

இதையெல்லாம்விட வகுப்பில் அதிகமாகச் சொன்னது இன்னொன்று. உதவியாளர் நோயைக் கண்டுபிடிக்கக் கூடாது. பிசியோதெரபிஸ்ட் பார்த்து முடிவு செய்வார், உதவியாளர் அதன்படி செய்வார். நோயாளியிடம் ஏதாவது மாற்றம் தெரிந்தால் நிறுத்திவிட்டு அவரிடம் சொல்ல வேண்டும். தெருவுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"லிஃப்ட், முட்டி வலி உயிர் போவுது, என்னன்னு பாருடி" என்று எதிர் வீட்டு அக்கா வருவார்.

"நான் சொல்லக் கூடாதுக்கா. பிசியோகிட்ட காட்டுங்க."

"பின்ன என்னத்தடி படிக்கிற அங்க?"

"சொல்லக் கூடாதுன்னுதான் படிக்கிறேன்."

அக்கா முட்டி வலியோடு வேகமாகத் திரும்பிப் போவார்.

படிப்பில் அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது, படுக்கையில் இருப்பவரை வீல்சேருக்கு மாற்றுவது. அதற்குத் தனியாகச் செய்முறைத் தேர்வு உண்டு. அதில் தேறாவிட்டால் வார்டுக்குள் விடமாட்டார்கள். வீட்டில் பழகுவதற்கு ஒரு உடம்பு வேண்டும். என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய அண்ணன், தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறவர். நல்ல கனமான ஆள். தங்கை கேட்டால் கிணற்றில்கூடக் குதிப்பார். ஆகவே அவருக்குத் தினமும் சாயங்காலம் பக்கவாதம் வந்தது. வண்டியை நிறுத்தி, முகம் கழுவி, டீ கையில் வந்ததும் அவருக்கு இடது பக்கம் விழுந்துவிடும்.

"அண்ணே, உனக்கு இடது கை கால் வேலை செய்யாது. ஞாபகம் வச்சுக்க."

"சரிம்மா."

"அப்ப அந்தக் கையில ஏன் டீ கிளாஸ் இருக்கு?"

"மறந்துட்டேன்."

கட்டிலின் ஓரத்தில் அவரை உட்கார வைப்பாள். சாப்பாட்டு மேசை நாற்காலியை அவருடைய நல்ல பக்கத்தில் சாய்வாகப் போடுவாள். அதற்குச் சக்கரமும் இல்லை, பிரேக்கும் இல்லை. இருந்தாலும் குனிந்து காற்றில் பிரேக் போடுவாள். அவர் இடுப்பில் அவருடைய பெல்ட்டையே சட்டைக்கு மேல் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு தன் முழங்காலை மடக்குவாள். அடுத்த நொடி அவர் எழுந்து நிற்பார். ஒரு திருப்பு, நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

"பாத்தீங்களா அண்ணி? எவ்ளோ பெரிய உடம்பு! பூ மாதிரி வருது."

எனக்கும் பெருமையாக இருந்தது. இந்தக் கைக்கு ஆண்டவன் ஏதோ கொடுத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் டீயின் மிச்சத்தைக் குடித்துக் குணமானார்.

முதல் தேர்வில் வகுப்பு மேடமே நோயாளியாகப் படுத்தார். மேடம் ரொம்ப ஒல்லி. காற்று அடித்தால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டிய ஒல்லி. இவள் சிரித்துக்கொண்டே பெல்ட்டைப் பிடித்தாளாம். மேடம் வரவில்லை. இன்னும் இழுத்தாள். பெல்ட் மேலேறி மேடத்தின் கக்கம் வரைக்கும் வந்தது, மேடம் கட்டிலிலேயே இருந்தார்.

"ஆளத் தூக்குறதுக்கு இங்க மெஷின் இருக்கும்மா" என்றாராம் மேடம். "நீ அவங்கள எழுந்திரிக்க வைக்கணும். இன்னும் ஒரு தடவ பாப்போம். அதுலயும் இப்படின்னா, வகுப்புல வச்சிருக்க என்னால முடியாது."

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அண்ணன்ல பாதிகூட இருக்க மாட்டாங்க அண்ணி. அசையவே மாட்டேங்குறாங்க. எனக்கு இதுவும் போச்சுன்னா இனி எங்க போய் ஸ்டூல் போடுறது?"

அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. லிஃப்ட் வேலை போனபோதுகூட ஸ்டூல் கனமாக இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னாள்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்ததும், நான் கீரையை எடுத்துக்கொண்டு தரையில், அவர் இடது காலுக்கு எதிரே உட்கார்ந்தேன். இவள் முழங்காலை மடக்கினாள். பெல்ட்டை இன்னும் இழுக்கக்கூட இல்லை. அதற்குள் அந்த இடது கால் விரல்கள் தரையை இறுக்கிப் பிடித்தன, குதிகால் ஒரு அழுத்து அழுத்தியது, ஆள் மேலே வந்துவிட்டார்.

"ஏங்க, செத்துப்போன கால் தரையை உதைக்குதே."

"எது?"

"இதுதான்" என்று கீரைக்காம்பால் தொட்டுக் காட்டினேன்.

நாத்தனார் பெல்ட்டை விட்டுவிட்டாள். "அண்ணே! இத்தன நாளா நீயேதான் எழுந்தியா?"

"நீ மூச்சப் புடிச்சுக்கிட்டு முக்குற. கூடப் பொறந்தவன் மரக்கட்ட மாதிரி உக்காந்து வேடிக்க பாக்கணுமா?"

"ஆமா! அதுக்குத்தான உன்ன உட்கார வச்சதே!"

மறுபடி உட்கார்ந்தார். மரக்கட்டையாக இருப்பதாகச் சத்தியம் செய்தார். அவள் குனிந்தாள், அவர் எழுந்தார்.

"இப்ப நீ கால ஊன்—"

"இல்லம்மா."

அவரிடம் அது ஒரு பழக்கம். பசிக்குதா, களைப்பா இருக்கா, கையில் அடிபட்டதா என்று எது கேட்டாலும், பிறத்தியாருக்குச் சிரமம் வரும் கேள்வியாக இருந்தால், கேள்வி முடிவதற்கு முன்பே 'இல்லை' வந்துவிடும். கேள்வி முடிந்த பிறகு சொன்னால்தான் அது உண்மையான 'இல்லை'. இது எனக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரியும். அவளுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். ஆனால் தேர்வுக்கு இதையும் படிக்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

அண்ணனை நோயாளி வேலையிலிருந்து நீக்கிவிட்டு என்னை வைத்தாள். ஒன்றுமே செய்யாமல் உட்காரும்படி இந்த வீட்டில் என்னிடம் யாரும் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு நன்றாகவே வந்தது. அவள் இழுத்தாள், நான் கல்லாக உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடிக் கொஞ்சம் பிரார்த்தனைகூடச் செய்தேன்.

இரண்டு நாள் இழுத்துப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள், மூன்றாம் நாள் பேச ஆரம்பித்தாள்.

"அண்ணி, ஓரத்துக்குத் தள்ளி உட்காருங்க. கால உள்ள இழுங்க. முன்னால சாயுங்க, மூக்கு கால் விரலுக்கு நேரா வரட்டும். நல்ல கையால கட்டில அழுத்துங்க. மூணு சொன்னதும் எழுந்திருங்க."

அதே லிஃப்ட் குரல். இத்தனை நாள் அவள் அதை எடுக்கவே இல்லை. எப்படி எடுப்பாள்? சொல்வதற்கு முன்னால் எழுந்துவிடுகிற ஆளிடம் சொல்வதற்கு என்ன இருக்கிறது? என் செத்த முழங்கால் மடங்காமல் தன் முழங்காலை அதற்கு எதிரே முட்டுக் கொடுத்தாள். "மூணு" என்றாள். என் நல்ல காலில் நானே எழுந்தேன். அவள் கை பெல்ட்டில் சும்மா இருந்தது.

இரண்டாவது தேர்வுக்கு நானும் கூடப் போனேன். உள்ளே விடவில்லை. கதவுக் கண்ணாடி வழியாகப் பாதி பார்த்தேன், மீதி அவள் சொல்லித் தெரியும்.

இந்த முறை உண்மையான நோயாளி. பக்கவாதம் வந்து தேறிவரும் தையல்காரர் ஒருவர். இவள் அவரை மெதுவாக உட்கார வைத்து, ஷூ போட்டுவிட்டு, வீல்சேரை அவர் வலது பக்கம் நிறுத்தி, பிரேக் போட்டு, கால் வைக்கிற தட்டுகளை ஒதுக்கினாள். இந்தத் தடவை பிரேக் நிஜமாகவே இருந்தது. பெல்ட்டைக் கட்டும்போது அவர் கேட்டாராம், "என்னம்மா, அளவெடுக்கிறியா? இடுப்பு ரொம்பக் கொறஞ்சுபோச்சு, பழைய அளவ நம்பாத." பிறகு மேடம் காதில் விழாமல், "பரீட்சைதான? நான் பாத்துக்கறேன். உன்ன பாஸ் பண்ண வச்சிடலாம்" என்றாராம்.

அதன் பிறகு இவள் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லையாம். இந்த மாதிரி ஒருத்தர் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறார்.

மூன்று சொன்னாள். அவர் எழுந்தார், நன்றாகவே எழுந்தார். வீல்சேர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு திருப்பு திருப்பினால் தேர்வு முடிந்தது. அப்போது அவர் உதடு வெளுத்திருப்பதைப் பார்த்தாள். நெற்றியில் வியர்வை.

"ஐயா, தலை சுத்—"

"இல்லம்மா."

அவ்வளவுதான். "உட்காருங்க" என்றாள். அவர் எழுந்த இடத்திலேயே உட்கார்ந்தார். "அட, நான் நல்லாத்தான் இருக்கேன், உன் பரீட்ச—" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவரைப் படுக்க வைத்து, "மேடம், நான் நிறுத்திட்டேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். ஓடி வந்து பிரஷர் பார்த்தார்கள். எழுந்ததில் நன்றாக இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

வெளியே வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். கையில் பெல்ட்டைச் சுருட்டி வைத்திருந்தாள்.

"நாற்காலி வரைக்கும் போகல அண்ணி."

நான் கண்ணை மூடினேன். இவளைப் பாஸ் போடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தையல்காரர் எழுந்து உட்கார்ந்தால் போதும் ஆண்டவரே என்று கேட்டேன். பிறகு மனசு கேட்காமல் பாஸையும் சேர்த்துக் கேட்டேன்.

மேடம் கதவைத் திறந்தார். "அவர் பிரஷர் சரியாயிடுச்சு. டாக்டர் பாத்துட்டார். ஏன் இங்க உட்கார்ந்துட்ட? அடுத்த ஆள் ரெடி, வா."

"நான் ஃபெயில் இல்லையா மேடம்?"

"அவர் வாய நம்பித் திருப்பியிருந்தா ஃபெயில். நாற்காலிக்கு மாத்துறத நான் இன்னும் பாக்கலயே? பெல்ட்ட எடுத்துக்கிட்டு வா."

கண்ணாடிக்கு முன்னால் யாரோ வந்து நின்றுவிட்டதால் இந்த முறை எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது. தள்ளி உட்காருங்க, கால உள்ள இழுங்க, முன்னால சாயுங்க. "மூணு" என்றாள். உள்ளே என்ன நடந்ததோ, பெஞ்சில் இருந்த நான் எழுந்துவிட்டேன். என் பக்கத்தில் மருந்துச் சீட்டோடு காத்திருந்தவரும் எழுந்துவிட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தோம். அவள் பாஸ் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மேடம் சொன்னது அதற்கப்புறம்தான்.

இப்போது அவள் அதே வார்டில் வேலை செய்கிறாள். எதிர் வீட்டு அக்காவும் கடைசியில் முட்டியைக் கொண்டுபோய் அங்கே காட்டினார். காட்டிவிட்டு வந்து, அங்கேயும் லிஃப்ட் ஒன்றுமே சொல்லவில்லை என்று குறைபட்டுக்கொண்டார்.

போன மாதம் என் வீட்டுக்காரர் சட்டை போடும்போது வலது தோளைக் கொஞ்சம் சாய்த்தார். அவள் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, தோள் வலிக்—"

"இல்லம்மா."

மறுநாளே கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வழியெல்லாம், "என்னன்னு நீயே சொல்லித் தொலையேன், எதுக்கு அவ்ளோ தூரம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "நான் சொல்லக் கூடாதுண்ணே" என்று அவளும் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் நடுவில் நடந்தேன்.

பிசியோ மேடம் கையைத் தூக்கச் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே தூக்கினார், இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு. பின்னால் நின்றிருந்த நாத்தனார், "மேடம், அந்தக் கைய எடுக்கச் சொல்லுங்க" என்றாள். எடுத்தார். வலது கை பாதியில் நின்றுவிட்டது. பாதியில் நின்ற கையோடும் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

மேடம் குறித்துக்கொண்டு, "சரி, அந்த நாற்காலிக்கு மாறிக்கலாம். மூணு சொன்னதும் மெதுவா எழு—" என்று ஆரம்பித்தார்.

அவர் எழுந்து நின்றிருந்தார்.