மாசாய்க்காரர்களும் தூங்கும் எரிமலையும்

என் அத்தையின் கல்யாணத்தைக் கெடுத்தவன் நான். அதற்கு உதவியது பள்ளியில் படித்த புவியியல்.

அப்பா உலு திராமில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. தாயில்லாத என்னை அவருடைய தங்கைதான் வளர்த்தாள். ஜொகூர் பாருவில் தங்கி ஆங்கிலப் பள்ளியில் படித்த நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். அத்தையைப் பெண் பார்க்க மாசாய் என்ற ஊரிலிருந்து வரப்போவதாகச் சொன்னார்கள். மாப்பிள்ளை அங்கே தோட்டத்து மருந்தகத்தில் வேலை பார்ப்பவர். மாசாய் எப்படி இருக்கும், கடல் கிட்டவா என்று அத்தை என்னையே விசாரித்தாள். எனக்குத் தெரியவில்லை, அவள் கேட்டது பிடிக்கவும் இல்லை.

பெண் பார்க்க வந்தவர்கள் சம்மதம் இருந்தால்தான் கை நனைப்பது எங்கள் வழக்கம். சாப்பிட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. அன்று வந்தவர்கள் அத்தையைப் பார்த்து மலர்ந்துபோனார்கள். அப்பா உற்சாகமாக வாழை இலை அறுக்கக் கொல்லைக்குப் போனார்.

அந்த வருடம் மழை இல்லை. குன்றுக்கு அப்பால் காடு வெட்டி எரித்த தீ சதுப்பின் அடிமண்ணில் இறங்கி வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருந்தது. எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் குன்றின் உச்சியே புகைவதுபோல் இருக்கும். மாப்பிள்ளையின் அம்மா அது என்ன புகை என்று கேட்டார்.

எரிமலை என்றேன்.

எனக்குக் கொடுத்திருந்த கேசரியைத் தட்டில் பரப்பி, இது கேடய எரிமலை, குழம்பு மெதுவாக வழியும் என்றேன். பிறகு அதையே உயரக் குவித்து, இது கூம்பு எரிமலை, வெடிக்கும் என்றேன். உச்சியில் விரலால் குழி தோண்டிக் காப்பியை ஊற்றினேன். அது வழிந்து மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியை எட்டியது. அவர் மட்டும் சிரித்தார்.

"செத்த மலையா இருக்கும் தம்பி," என்றார் அவருடைய மாமா.

"செத்தது புகையாதுங்க. இது தூங்குது."

"எப்ப முழிக்கும்?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"அது எங்க வாத்தியாருக்கே தெரியாதுங்க."

அப்பா இலைகளோடு வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். நாள் சரியில்லை, அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். மரியாதை தெரிந்தவர்கள், மலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாப்பிள்ளை கடைசியாகத்தான் வண்டியில் ஏறினார். அப்பாவுக்குக் காரணமே விளங்கவில்லை. பாயசத்தில் இனிப்பு போதாதோ என்று, அவர்கள் தொட்டும் பார்க்காத பாயசத்தை ருசி பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று அத்தை எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். என்னை உள்ளே கூப்பிட்டாள்.

"நெசமாவே எரிமலையாடா?"

"இல்லத்த."

என்னைப் பார்த்தாள், பிறகு கதவுப் பக்கம் பார்த்தாள். அப்பாவின் பிரம்பு எப்போதும்போல் கதவோரம் சாத்தியிருந்தது. "அப்பாகிட்ட வாயத் தொறக்காத," என்று சொல்லி, விருந்துக்குச் சுட்ட வடைகளை என் முன் வைத்தாள். வயிறு முட்டத் தின்றேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவளும் என் கட்சி என்றே நினைத்தேன்.

மாசாய்க்காரர்கள் சொல்லி அனுப்பவே இல்லை. அத்தைக்கு வேறு இடமும் அமையவில்லை. அன்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா சைக்கிளை மிதித்து வண்டியைத் திராம் சாலையிலேயே மறித்திருப்பார். திரும்பி வந்து என் தோலை உரித்திருப்பார். இரண்டில் எது நடக்கக்கூடாது என்று அவள் முடிவு செய்த நேரத்தில், நான் இன்னும் ஒரு வடை கேட்டுக்கொண்டிருந்தேன்.