சாக்குக்குள் இருந்த முகம்

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. இலங்கைப் போருக்குத் தப்பிப் படகேறி, பல ஊர் அலைந்து, இப்போது திருவனந்தபுரத்தில் மூட்டை தூக்குகிறேன். அரிசி இறக்கப் போன தமிழ்ப் பள்ளியில் டீச்சர் ஒருநாள் கூப்பிட்டார்.

"அண்ணா, போர்ப் பாடம் நடத்துறேன். ஏன் வந்தது, எப்படி நடந்ததுன்னு நீங்க சொல்லுங்களேன்."

மொழிச் சட்டம், வேலை மறுப்பு, கலவரம், துவக்கு என்கிற துப்பாக்கி என்று சொல்லி என் அண்ணன் கதைக்கு வந்தேன். ராணுவம் எங்கள் ஊர் ஆண்களை வரிசையாக நடக்கவிட்டது. கண்ணுக்கு மட்டும் ஓட்டை போட்ட சாக்கால் முகத்தை மூடிய ஒருவன், அண்ணன் வந்தபோது இவன்தான் என்பதுபோல் தலையாட்டினான். ராணுவம் கொண்டுபோன அண்ணன் திரும்பவில்லை. அந்தத் தலையாட்டியைக் கொல்லத்தான் நான் உயிரோடு இருக்கிறேன்.

பிள்ளைகளும் அவனை வெறுக்க வேண்டும் என்று, அனிதா என்ற மாணவிக்கு அரிசிச் சாக்கை மாட்டினேன். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே அவள் முன்னால் நடந்தார்கள். அவள் யாருக்கும் தலையாட்டவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. "ஆரையாவது காட்டு! இல்லையெண்டால் உன்னைத்தான் கொண்டுபோவன்!" என்று கத்தினேன்.

சாக்கு உடனே ஆடியது.

"எடீ, என்னையாடீ காட்டினே?" என்றாள் அவளுடைய உயிர்த் தோழி.

அனிதா சாக்கைக் கழற்றி அழுதாள். "இந்த அண்ணன்தானே கத்திப் பயமுறுத்திப் பேடிப்பிச்சாரு! இல்லேன்னா உன்னைக் காட்டுவேனா?"

இன்றும் அந்தத் தலையாட்டியைத் தேடுகிறேன், கிடைத்தால் விடமாட்டேன். ஆனால் அடிக்குமுன், அன்று உன்னிடம் கத்தியது யார் என்று அவனைக் கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்க வேண்டியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.